எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதுதல்

எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதுதல் என்பது, சொற்பெருக்கால் சிக்கலாகிப்போன உரைநடையைப் பொருள் குறையாமல் தெளிவான நடைக்குக் கொண்டுவரும் பயிற்சி. அரசாணை, சட்டம், காப்பீட்டுப் பத்திரம், இயந்திரக் கையேடு முதலியவை படித்தவுடன் புரிய வேண்டும் என்பது இதன் பொது நோக்கம். மாற்றி எழுதுகிறவரின் சொந்த நடை தெளிவடைவது இதனால் கிடைக்கும் தனிப்பட்ட பயன். இந்தியாவில் ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் மத்திய நிறுவனமும், காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமும் ஹைதராபாத்தில் அமைந்திருப்பதால் இதன் வரலாற்றில் அந்நகருக்குத் தனி இடம் உண்டு.

தோற்றம்

பிறர் எழுத்தை மாற்றி எழுதித் தன் நடையைச் செம்மை செய்துகொள்வது பழைய வழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 'ஸ்பெக்டேட்டர்' இதழின் கட்டுரைகளுக்குக் குறிப்பெடுத்துக்கொண்டு, சில நாள் கழித்து அவற்றைத் தம் சொற்களில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுக் குறைகளைத் திருத்திக்கொண்டதைத் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

1930-இல் சி. கே. ஆக்டன் 850 சொற்கள் கொண்ட 'பேசிக் இங்கிலீஷ்' முறையை வெளியிட்டார். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், இந்திய மாணவர்களுக்காகச் சொற்களை வரையறுத்து வாசிப்பு நூல்களை உருவாக்கினார். பீகாரின் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், அரசியலும் ஆங்கில மொழியும் பற்றிய கட்டுரையை 1946-இல் எழுதினார். மங்கலான நடை மங்கலான சிந்தனையை வளர்க்கிறது என்பது அவரது வாதம். பிரிட்டிஷ் கருவூலத் துறை கேட்டுக்கொண்டதன் பேரில் எர்னஸ்ட் கவர்ஸ், அரசு அலுவலர்களுக்காக 1948-இல் 'பிளெய்ன் வேர்ட்ஸ்' நூலை எழுதினார். 1979-இல் கிறிஸ்ஸி மாகர் இங்கிலாந்தில் எளிய ஆங்கில இயக்கத்தைத் தொடங்கி, புரியாத அரசுப் படிவங்களை நாடாளுமன்றச் சதுக்கத்தில் கிழித்துப் போட்டார். அமெரிக்கா 2010-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2023-இல் எளிய மொழிக்கு ஐஎஸ்ஓ 24495-1 என்ற பன்னாட்டுத் தரநிலை வந்தது.

இந்திய அலுவலக ஆங்கிலம்

1837-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு, பாரசீகத்தை நிர்வாக மொழி என்ற இடத்திலிருந்து விலக்கியது. அதன்பின் ஆங்கிலமும் வட்டார மொழிகளும் அலுவலகங்களில் வேரூன்றின. பழைய கோப்பில் உள்ள வரைவைப் பார்த்துப் புதிய கடிதத்தை எழுதும் பழக்கத்தால் ஒரு தலைமுறையின் சொற்றொடர்கள் அப்படியே அடுத்த தலைமுறைக்குச் சென்றன. 'டூ தி நீட்ஃபுல்', 'ப்ளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்ட் ஹியர்வித்' போன்றவை இன்றும் மின்னஞ்சல்களில் வாழ்கின்றன.

தெளிவுக்கான முயற்சியும் அதே காலத்தில் தொடங்கியது. மெக்காலே தலைமையில் 1837-இல் உருவான தண்டனைச் சட்ட வரைவு, பல விதிகளைச் சிறு சிறு எடுத்துக்காட்டுகளால் விளக்கியது. 1860-இல் சட்டமானபோதும் அந்த அமைப்பு நீடித்தது. ஒரு பத்தியை அதன் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கும் 'பிரெசி' பயிற்சி, குடிமைப் பணித் தேர்வின் கட்டாய ஆங்கிலத் தாளில் இன்றும் இருக்கிறது. ஹைதராபாத் அசோக் நகரின் பயிற்சி மையங்களில் தயாராகும் தேர்வர்களும் இதை எழுதிப் பழகியாக வேண்டும்.

ஹைதராபாத்தின் பங்கு

நிஜாம் அரசில் பாரசீகமும் பின்னர் உருதுவும் ஆட்சிமொழிகளாக இருந்தன. 1918-இல் நிறுவப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகம் உருது வழியிலேயே உயர்கல்வி அளித்தது. அதற்கான பாடநூல்களை ஒரு மொழிபெயர்ப்புத் துறை ஆக்கித் தந்தது. 1948-இல் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்த பின் அப்பல்கலைக்கழகம் ஆங்கில வழிக்கு மாறியது.

1958-இல் மத்திய ஆங்கில நிறுவனம் இங்கு தொடங்கப்பட்டது. கன்னடக் கவிஞர் வி. கே. கோகாக் அதன் தொடக்ககால இயக்குநர்களில் ஒருவர். நாடெங்கிலுமிருந்து வந்த ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் பயிற்சி அளிப்பது அதன் முதன்மைப் பணி. 2007-இல் அது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் என்ற மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது.

1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் தலைமையகமும் இந்நகரில் உள்ளது. அதன் வழிகாட்டுதலில் 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த 'ஆரோக்ய சஞ்சீவனி' மருத்துவக் காப்பீட்டில், எந்த நிறுவனத்தில் பாலிசி எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டுப் பத்திரம், காப்பீடு பெறுபவரை 'நீங்கள்' என்றும் நிறுவனத்தை 'நாங்கள்' என்றும் குறிக்கும் ஆங்கில நடையில் எழுதப்பட்டது. 2024 ஜனவரி முதல், காப்புத் தொகை, எவற்றுக்கு இழப்பீடு உண்டு, எவற்றுக்கு இல்லை, காத்திருப்புக் காலம், குறை தீர்க்கும் வழி ஆகியவற்றை எளிய சொற்களில் கூறும் தகவல் தாளை மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு பாலிசிதாரருக்கும் தர வேண்டும்; அவர் விரும்பினால் வட்டார மொழியிலும் தர வேண்டும்.

செய்முறை

வாக்கியத்தில் யார், என்ன செய்கிறார், யாருக்கு, எப்போது என்று கேட்டு விடை காண்பதே முதல் படி. பெயர்ச்சொல்லுக்குள் புதைந்த வினையை வெளியே எடுப்பதும், செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்குவதும், ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்தை மட்டும் வைப்பதும் அடுத்தவை. 'இன் தி ஈவென்ட் தட்' என்பதற்கு 'இஃப்' போதும். 'அட் திஸ் பாயிண்ட் ஆஃப் டைம்' என்பதற்கு 'நவ்' போதும்.

பயிற்சிக்காக அமைத்த ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: "காப்பீடு பெற்றவரால் எழுத்து மூலமான அறிவிப்பு உரிய காலத்தில் வழங்கப்படாத பட்சத்தில், இழப்பீடு வழங்கல் மேற்கொள்ளப்பட மாட்டாது." மாற்றி எழுதினால்: "நீங்கள் உரிய காலத்தில் எங்களுக்கு எழுதித் தெரிவிக்காவிட்டால், நாங்கள் இழப்பீடு தர மாட்டோம்." மறுப்பவர் யார் என்பது முதல் வாக்கியத்தில் மறைந்திருந்தது, இரண்டாவதில் வெளிப்பட்டுவிட்டது. 'உரிய காலம்' எத்தனை நாள் என்ற கேள்வியும் இப்போது தானாக எழுகிறது. மூலத்தில் இருந்த ஓட்டையை மாற்றி எழுதுகிறவர்தான் முதலில் காண்கிறார். அடுத்த முறை தம் கடிதத்தில் அத்தகைய சொல்லை எழுதும்போது அவரது கை தானாகவே நிற்கும்.

தொழில்துறையில் இதற்குக் கண்டிப்பான வடிவம் விமானப் பராமரிப்புக்காக 1980-களில் உருவான எளிய தொழில்நுட்ப ஆங்கிலம். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், செயல்முறை வாக்கியத்துக்கு 20 சொற்களே உச்சவரம்பு என்பவை அதன் விதிகளில் சில.

சட்டமும் நீதிமன்றமும்

2017-இல் உச்ச நீதிமன்றம், இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று புரியவில்லை என்று கூறி மீண்டும் எழுதுமாறு திருப்பி அனுப்பியது. 2022-இல் மற்றொரு வழக்கில், தீர்ப்புகள் வழக்காடியவர்களுக்கும் புரிய வேண்டும் என்றும் பத்திகளுக்கு எண்ணிட வேண்டும் என்றும் வலியுறுத்தியது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரும் அறிவிப்பு தெளிவான எளிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது.

அளவில் மிகப் பெரிய முயற்சி வருமான வரிச் சட்டம், 2025. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 819 பிரிவுகள் 536 ஆயின, சுமார் 5.12 லட்சம் சொற்கள் ஏறத்தாழ 2.6 லட்சமாகக் குறைந்தன. வருமானம் ஈட்டிய ஆண்டு, கணக்கிடும் ஆண்டு என்று இரண்டாக இருந்தது 'வரி ஆண்டு' என ஒன்றானது.

எல்லைகள்

சுருக்கம் எப்போதும் தெளிவாகிவிடாது. நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாகப் பொருள் வரையறுத்துவந்த சட்டச் சொல்லை மாற்றினால் புதிய வழக்குகளுக்கு இடம் உண்டு. அத்தகைய சொல்லை வைத்துக்கொண்டு அருகில் விளக்கம் தருவதே பாதுகாப்பான வழி. ஆங்கிலமே அறியாதவருக்கு எளிய ஆங்கிலமும் உதவாது. அவருக்குத் தெலுங்கிலோ உருதுவிலோ தமிழிலோ அதே தெளிவு கிடைக்க வேண்டும்.

இலக்கண நூல்களைப் படித்து மட்டும் தெளிவான நடை வந்துவிடாது. வீட்டிலுள்ள காப்பீட்டுப் பத்திரத்திலோ அலுவலகச் சுற்றறிக்கையிலோ ஒரு பத்தியைத் தேர்ந்து மாற்றி எழுதிப் பார்ப்பதே இதைக் கற்கச் சிறந்த வழி. எழுத முடியாமல் தடைபடும் இடம், நமக்கு அது இன்னும் புரியவில்லை என்பதைக் காட்டும்.