ஆழ்கடல் விசிறி மணற்கல்

ஆழ்கடல் விசிறி மணற்கல் என்பது கண்டச் சரிவின் அடிவாரத்தில் விசிறி வடிவில் படிந்த மணல் இறுகி உருவாகும் படிவுப்பாறை ஆகும். ஆறுகள் சேர்க்கும் மணலைக் கலங்கல் நீரோட்டங்கள் ஆழ்கடலுக்குக் கொண்டுசெல்கின்றன. சென்னைக்குக் கிழக்கேயுள்ள வங்காள விரிகுடாவின் வங்காள விசிறி உலகிலேயே மிகப்பெரியது. இதன் நீளம் சுமார் 3000 கி.மீ.

தேக்கத் தன்மை

எண்ணெயும் எரிவாயுவும் பாறையின் நுண்துளைகளில் தேங்குகின்றன. துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால்தான் அவை கிணற்றை நோக்கிப் பாயும். களிமண்ணும், ஆழத்தில் புதையும்போது படியும் சிலிக்கா, கால்சைட்டு ஆகியனவும் துளைகளை அடைக்கின்றன. மணற்படுகைகளைக் களிப்படுகைகள் பிரித்தால் கிணறுகள் அதிகம் தேவைப்படும்.

எடுத்துக்காட்டு

கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் டி6 தொகுதியில் 2002 இல் எரிவாயு கண்டறியப்பட்டது. டி1, டி3 வயல்களில் ஏப்ரல் 2009 இல் தொடங்கிய உற்பத்தி, 2010 க்குப் பின் சரிந்து, பெப்ரவரி 2020 இல் நின்றது. நிலவியல் சிக்கலே காரணம் என்றது நிறுவனம். திட்டமிட்ட கிணறுகள் தோண்டப்படாததே காரணம் என்றது அரசு.