வாடகை வீடும் வருணாசிரமமும்

சேர்வராயன் மலையில் காப்பிக்கு இடம் கேட்டவன் வெள்ளையன். கேட்டதும் கிடைத்தது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காப்பிப் பயிருக்கு வித்திட்டார். தோட்டங்கள் பெருகின. துரைக்குப் பங்களா எழுந்தது. உழைப்பாளிக்கு லயன் வீடு எழுந்தது. மலையின் மூத்த குடிகளான மலையாளிப் பழங்குடியினர் தம் சிற்றூர்களில் ஒதுங்கி வாழ்ந்தனர். யார் எங்கே குடியிருப்பது என்பதை முடிவு செய்தது உழைப்பன்று, உயர்வு தாழ்வே என்பதற்கு அந்த மலையே சான்று.

லயனிலும் சிற்றூரிலும் பிறந்த பிள்ளைகள் இன்று பட்டம் பெறுகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் இறங்கி, சென்னைக்கு இரயில் ஏறுகிறார்கள். வேலை கிடைக்கிறது. வீடு?

‘வாடகைக்கு விடப்படும்’ என்று பலகை தொங்குகிறது. “வாடகை எவ்வளவு?” என்று கேட்கிறான் இளைஞன். “நீங்க எந்த ஆளுங்க?” என்று கேட்கிறார் வீட்டுக்காரர். நாகரிகம் வளர்ந்துவிட்டதல்லவா! நேரே கேட்கக் கூசுவோர், “சொந்த ஊர் எது? அப்பாவுக்கு என்ன தொழில்? சைவமா, அசைவமா?” என்று சுற்றி வளைத்துக் கேட்கின்றனர். மறுநாள், “உறவினருக்குக் கொடுத்துவிட்டோம்” என்ற விடை வருகிறது. பலகை மட்டும் அங்கேயே தொங்குகிறது!

இந்தக் கேள்வி நேற்று முளைத்ததன்று. சென்னை நகரத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. 1707இல் வலங்கைச் சாதியாருக்கும் இடங்கைச் சாதியாருக்கும் தெருவுரிமை பற்றிப் பெரும் பூசல் மூண்டது. எந்தத் தெருவில் எவர் ஊர்வலம் போவது, எவர் குடியிருப்பது என்பதே வழக்கு. கவர்னர் தாமஸ் பிட் கண்ட தீர்வு என்ன தெரியுமா? வலங்கையாருக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கையாருக்கு முத்தியால்பேட்டை! வணிகம் செய்ய வந்த கும்பினி, வருணத்தை ஒழிக்கவில்லை. அதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்தது.

“அது படிப்பறிவற்ற காலம், கல்வி வந்தால் கதவு திறக்கும்” என்பர் சிலர். மலைப் பள்ளியில் பாடம் நடத்தும் நாமும் பிள்ளைகளிடம் படிக்கத்தான் சொல்கிறோம். ஆனால் கல்வி ஒன்றே போதும் என்பாருக்கு, பரோடா நகரம் விடை வைத்திருக்கிறது.

1917. அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய ஓர் இளைஞர் பரோடா இரயில் நிலையத்தில் இறங்குகிறார். படிக்க உதவியவர் மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட். அதற்கு ஈடாகச் சமஸ்தானத்தில் பணியாற்ற ஒப்பந்தம். கையில் பட்டம் இருந்தது, பதவி இருந்தது, மன்னரின் ஆதரவும் இருந்தது. தலைசாய்க்க ஓர் இடம் மட்டும் இல்லை! அந்த இளைஞர்தாம் அம்பேத்கர்.

இந்து விடுதிகள் ஏற்கமாட்டா என்பதை அறிந்து அவர் ஒரு பார்சி விடுதிக்குச் சென்றார். பார்சியல்லாதார்க்கு அங்கே இடமில்லை. எனவே பார்சிப் பெயரொன்றைப் பதிவேட்டில் எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். வேறு எவரும் தங்காத பாழடைந்த மாடி, இரவில் ஒரு சிறு விளக்கு, துணைக்கு வௌவால்கள்! பதினோராம் நாள் காலை, தடியேந்திய பார்சிகள் பத்துப் பன்னிருவர் படியேறி வந்தனர். மாலைக்குள் வெளியேறு என்றனர். பழகிய நண்பர் இருவரை நாடினார். இந்து நண்பர், இவர் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்தவ நண்பர், மனைவியைக் கேட்க வேண்டும் என்று நழுவினார். பொதுப் பூங்காவில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்துவிட்டு, இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார், பின்னாளில் இந்நாட்டுக்கு அரசியல் சட்டம் வகுத்த அந்த மேதை!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவரை விரட்டியவர் இந்துக்களும் அல்லர். தீண்டாமை மதத்தின் வேலியைத் தாண்டித் தொற்றும் நோய் என்று தம் நினைவுக் குறிப்பில் அவரே காட்டியுள்ளார்.

“இன்று சட்டம் இருக்கிறதே!” எனலாம். இருக்கிறது. தீண்டாமையின் பெயரால் ஒருவர் எந்த இடத்திலும் குடியேறுவதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் “உறவினருக்குக் கொடுத்துவிட்டோம்” என்ற புன்னகையை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ வேடிக்கையானது. வீடு காலியானால் ஏழு நாளில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு விரும்பினால் தன் அலுவலருக்கு அதை ஒதுக்கலாம் என்றது. அலுவலருக்காகக் கதவைத் திறக்கத் தெரிந்த சட்டம், சாதி பூட்டிய கதவைத் தட்டவில்லை! அதன் இடத்தில் 2019இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. நல்லதே. ஒப்பந்தத் தாளை நீட்டுமுன் சாதி கேட்பவரை என்ன செய்வது என்று அது சொல்லவில்லை.

2012இல் தில்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் குழுவினரும் வீடு தேடுவோராக ஆள்களை அனுப்பிச் சோதித்தனர். மேல்சாதிப் பெயருக்கு எளிதில் கிடைத்த வீடு, தாழ்த்தப்பட்டவருக்கு அரிதாயிற்று. முஸ்லிமுக்கு அதனினும் அரிதாயிற்று. பரோடா முடிந்த கதையன்று.

கடல் கடந்து பார்ப்போம். கறுப்பருக்கு வீடு மறுக்கும் கொடுமையை எதிர்த்து மார்ட்டின் லூதர் கிங் 1966இல் சிகாகோவின் ஏழைக் குடியிருப்பிலேயே குடியேறினார்; ஊர்வலத்தில் கல்லடி பட்டார். 1968 ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், விற்பனையிலும் வாடகையிலும் நிறவேற்றுமையைத் தடை செய்யும் சட்டம் கையெழுத்தாயிற்று. அதற்குக் கொடுத்த விலை உயிர்!

தமிழ்நாடும் வழி அறியாததன்று. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் பெரியார் பெயரால் முதல் சமத்துவபுரம் எழுந்தது. நூறு வீடுகள், பல சாதியார், ஒரே சுடுகாடு. அரசு கட்டிய ஊரில் முடிந்தது, நாம் கட்டிய மாடியில் ஏன் முடியாது?

தோழர்களே! மேடையில் சாதியை எரிக்கிறோம். மாடிப் போர்ஷனுக்கு ஆள் பார்க்கும்போது அம்மாவும் அப்பாவும் அந்தக் கேள்வியைக் கேட்க, நாம் செய்தித்தாளில் முகம் புதைக்கலாமா? கேள்வி பிறக்கும் இடம் நம் வீட்டுத் திண்ணையே என்றால், அதை நிறுத்த வேண்டிய இடமும் அதுவே. வீடுடைய தோழர் ஒவ்வொருவரும், வாடகையும் ஒழுங்கும் தவிர வேறொன்றும் கேளோம் என்று உறுதி கொள்ளட்டும். வீடு தேடும் தோழர், எத்தனை படி ஏற நேரினும், சாதியைச் சொல்லி ஒரு வீட்டைப் பெறாதிருக்கட்டும். சாதி பார்த்துத் திறக்கும் கதவு, அடுத்தவன் முகத்தில் அறையப்படும் கதவு. படித்துப் பட்டம் பெற்று வருகிறவன் பூங்காவில் உட்கார்ந்து இரயிலுக்குக் காத்திருந்த நாள் மீண்டும் வராதிருக்க, முதற்சாவி நம் கையிலேயே இருக்கிறது!