சுவா: தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் தரமும் நிதியும்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் சுவா. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் வளர்ந்த தோட்டங்கள். 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததிலிருந்தே இவ்வட்டாரத் தமிழ்க்கல்வி தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில் நின்றது.

ஊரின் வருவாயை வைத்து இங்கே பள்ளியை அளக்க முடியாது. வீட்டு மதிப்பீட்டு வரி நகராண்மைக் கழகத்துக்கும் நிலவரி மாநிலத்துக்கும் போகின்றன. ஆசிரியர் சம்பளமும் தலைக்கு இவ்வளவு என்ற மானியமும் கூட்டரசின் கல்வி அமைச்சிலிருந்து வருகின்றன. பள்ளிகளிடையே உண்மையான பிளவு நிலத்தில் இருக்கிறது. தனியார் நிலத்தில் நிற்கும் பள்ளி பெரும்பாலும் அரசிடம் 'பகுதி உதவி' மட்டுமே பெறுவது. கூரை ஒழுகினால், கழிப்பறை உடைந்தால், பெரும்பாலும் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நன்கொடைப் புத்தகத்தோடு அலைய வேண்டும். இது நியாயமற்ற ஏற்பாடு.

தரத்தை நீண்டகாலம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூ.பி.எஸ்.ஆரின் தேர்ச்சி விகிதம் சொல்லிவந்தது; 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. ஆறாம் ஆண்டில் ஐந்தே பேர் இருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே விகிதம் 20 புள்ளி சரியும். ஆகவே ஓராண்டு முடிவை நம்பாமல் பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதே சரி. 150 மாணவருக்கும் குறைவாக உள்ள இத்தகைய பள்ளி 'குறைந்த மாணவர் பள்ளி' எனப்படும். தோட்டக் குடும்பங்கள் பட்டணம் பெயர்ந்ததே மாணவர் குறைந்ததற்கு முதன்மைக் காரணம். மாணவர் குறைவை வைத்து ஆசிரியரின் உழைப்பைக் குறைத்து எடைபோடலாகாது.