யட்டவத்தவில் ஒரு பங்காளி

சென்ற ஆண்டு ஒரு மரண வீட்டிற்காக யட்டவத்தவுக்குச் சென்றிருந்தேன். மாத்தளை மாவட்டத்தில் மிளகும் கொக்கோவும் நெல்லும் விளையும் பிரதேசம் அது. பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகளில் அமர்ந்து அன்றைய பத்திரிகையைப் பங்கு போட்டு வாசித்துக் கொண்டிருந்தோம். தேசிய விமான சேவைக்குத் திறைசேரி மேலும் பணம் வழங்குவது பற்றிய செய்தி முதற் பக்கத்தில் இருந்தது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்து, இப்போது வீட்டைச் சுற்றி நாற்பது மிளகுக்கொடிகளை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"இந்தப் பிளேன் கம்பனி அரசாங்கத்தோடதுன்னா அது நம்மளோடதுதானே தம்பி? அப்ப நானும் ஒரு பங்காளி. பங்காளிக்குக் கணக்குக் காட்ட வேணாமா?"

பங்காளி என்ற சொல்லுக்கு எங்களூரில் வேறொரு பொருளும் உண்டு, சொத்துக்காக வழக்காடுகிறவன். பெரியவர் எந்தப் பொருளில் சொன்னாரோ, அந்தக் கேள்வி கொழும்பு திரும்பும்வரை என்னோடு பேருந்தில் வந்தது. முப்பது ஆண்டுகளாக நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிச் செய்தி எடுத்தவன் நான். அவை யாருக்காக எழுதப்படுகின்றன என்று அவரைப் போல நேராகக் கேட்டதில்லை.

பெரியவரின் கணக்கு சரியானதே. இந்நாட்டின் விமான சேவை பிறந்தது முதலே பெரும்பாலும் அரசின் சொத்து. 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு எயார் சிலோனின் முதல் டக்கோட்டா பறந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை என்று கணக்கிட வேண்டாம். சுதந்திரமே இரண்டு மாதங்கள் கழித்துத்தான் வந்தது. நாட்டுக்கு முன்பே விமானம் புறப்பட்டுவிட்டது. எயார் சிலோன் நொடித்துப் போன பிறகு, 1979 செப்டெம்பரில் குத்தகைக்கு எடுத்த போயிங் 707 விமானங்களோடு எயார் லங்கா பறக்கத் தொடங்கியது. 1998இல் எமிரேற்ஸ் நிறுவனம் பங்கு வாங்கிப் பத்தாண்டு முகாமைத்துவ ஒப்பந்தமும் செய்துகொண்டது. ஸ்ரீலங்கன் என்ற பெயர் அதன் பின் வந்தது. 2007 டிசம்பரில் ஜனாதிபதியின் பரிவாரத்துக்காக, ஏற்கெனவே ஆசனம் பெற்றிருந்த பயணிகளை இறக்க மறுத்த தலைமை நிறைவேற்று அதிகாரியின் வேலை விசா பறிக்கப்பட்டதும், 2008இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது போனதும் வாசகர்கள் அறிந்தவை. 2010இல் எமிரேற்ஸ் வசமிருந்த 43 வீதத்துக்குச் சற்று மேற்பட்ட பங்குகளை 53 மில்லியன் டொலருக்கு அரசாங்கமே வாங்கிக்கொண்டது. இன்று நிறுவனத்தின் பங்குகள் ஏறத்தாழ முழுவதும் திறைசேரியின் கையில். திறைசேரி யாருடையது என்பதைப் பந்தலில் இருந்த பெரியவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

இனி அறிக்கைகளின் கதைக்கு வருகிறேன். இலாப நட்டக் கணக்கைப் பங்குதாரர்களுக்குக் காட்டுவது பழைய வழக்கம். காற்றுக்கும் நீருக்கும் தொழிலாளிக்கும் ஊராருக்கும் என்ன செய்தோம் என்று காட்டுவது புதிய வழக்கம். 1989 மார்ச்சில் அலாஸ்காக் கடலில் எக்ஸன் வல்டீஸ் கப்பல் தரைதட்டி எண்ணெயைக் கொட்டியபோது அமெரிக்க முதலீட்டாளர்கள் சிலர் விழித்துக்கொண்டனர். கடலில் கொட்டிய எண்ணெய் தம் பங்கின் விலையிலும் கொட்டும் என்பது அவர்களுக்கு அன்று விளங்கியது. அவர்களும் சூழலியலாளர்களும் கூடியதிலிருந்து 1997இல் உலகளாவிய அறிக்கையிடல் முன்முயற்சி என்ற அமைப்பு உருவானது. 2000ஆம் ஆண்டில் அதன் முதல் வழிகாட்டல்கள் வெளியாகின. இன்று நாம் காணும் 'நிலைபேறு அறிக்கை' என்ற தடித்த புத்தகத்தின் பிறப்பு இதுதான்.

விமான நிறுவனங்கள் இதில் முந்திக்கொண்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1987இல் தனியார்மயமான பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் 1990களின் தொடக்கத்திலேயே தனிச் சுற்றாடல் அறிக்கை வெளியிட்டது. காரணம் புண்ணியம் அல்ல, இரைச்சல். ஹீத்ரோவைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் இரவில் தூங்க முடியாமல் செய்த முறைப்பாடுகள் ஓடுபாதைகளின் எதிர்காலத்தையே தீர்மானிக்கக்கூடியவையாக இருந்தன. அயலவரைச் சமாதானப்படுத்தாத நிறுவனத்தில் யார் முதலிடுவார்? அறிக்கை அவ்வாறு தொடங்கியது. பின்னர் இரைச்சல் பின்னே போக, காபனீரொட்சைட்டு முன்னே வந்தது.

இந்தக் காபன் கணக்கைச் சற்று நின்று பார்ப்போம், ஏனெனில் வித்தை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. இதில் மறைக்க எதுவுமில்லை. எவ்வளவு எரிபொருள் வாங்கினோம் என்ற பற்றுச்சீட்டு இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளையும் பெருக்கிச் சொல்லிவிடும். ஆனால் அறிக்கைகளில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் இந்த மொத்தத் தொகை அல்ல. ஒரு பயணியை ஒரு கிலோமீற்றர் கொண்டு செல்ல எவ்வளவு புகை என்ற விகிதமே அங்கு வருகிறது. புதிய இயந்திரம் வந்தால் விகிதம் குறையும். விமானங்களின் எண்ணிக்கை கூடினால் மொத்தம் ஏறும். விகிதம் இறங்குவதைக் காட்டும் வரைபடம் வழவழப்பான தாளில் பச்சை நிறத்தில் இருக்கும். மொத்தம் ஏறுவது பின்னிணைப்பில் ஓர் அட்டவணையில் கிடக்கும். மேலே வானத்தில் விமானம் விட்டுச் செல்லும் வெண்கோடுகளும் பூமியைச் சூடாக்குகின்றன என்பது அறிவியலாளர் நெடுங்காலமாகச் சொல்வது. பல அறிக்கைகளில் அதற்கு ஒரு பந்திகூடக் கிடையாது.

நாடுகளும் இதற்கு இடம் கொடுத்தன. 1997இன் கியோத்தோ உடன்படிக்கை சர்வதேச விமானப் பறப்பின் புகையை எந்த நாட்டின் கணக்கிலும் சேர்க்காமல், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் விட்டுவிட்டது. அந்த அமைப்பு கோர்சியா என்ற ஈடுசெய் திட்டத்துக்கு உடன்பட 2016 ஆனது. பத்தொன்பது ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும் காலம்.

இடைப்பட்ட காலத்தில் மரம் நடுதல் செழித்தது. பயணச்சீட்டோடு சிறு தொகை சேர்த்துக் கொடுத்தால் எங்கோ ஒரு காடு உங்கள் புகையை விழுங்கும் என்றார்கள். ஈஸிஜெட் நிறுவனம் 2019இல் தன் பறப்புகள் அனைத்தின் புகையையும் இவ்வாறு ஈடுசெய்வதாக அறிவித்து, 2022இல் அதைக் கைவிடப் போவதாகச் சொன்னது. 2020இல் ரயன்எயார் தன்னைக் குறைந்த புகை விடும் நிறுவனமெனக் காட்டிய விளம்பரங்களைப் பிரித்தானிய விளம்பரத் தர அதிகார சபை தடுத்தது. 2024 மார்ச்சில் அம்ஸ்டர்டாம் நீதிமன்றம் கேஎல்எம் நிறுவனத்தின் சுற்றாடல் விளம்பர வாசகங்கள் பலவும் மக்களைத் தவறாக வழிநடத்துபவை எனத் தீர்ப்பளித்தது. 1919 முதல் அதே பெயரில் பறக்கும் நிறுவனம் அது. பங்குதாரருக்கான புத்தகத்தில் யாரும் கேள்வி கேட்காத சொற்கள், விளம்பரமாகத் தெருவுக்கு வந்தபோது நீதிபதியின் முன் நின்றன.

நம் நாட்டிலும் ஆண்டறிக்கைகளுக்குக் குறைவில்லை. பட்டயக் கணக்காளர் நிறுவகம் சிறந்த ஆண்டறிக்கைகளுக்கு விருது வழங்குவது நெடுநாள் வழக்கம். அந்த விழாக்களுக்குச் செய்தியாளனாகப் பல தடவை சென்றிருக்கிறேன். உணவு நன்றாக இருக்கும். அறிக்கைகளின் அட்டையில் யானையோ மழைக்காடோ இருப்பதும் கவனித்த ஒன்று. ஆனால் யட்டவத்தக்காரருக்கு உண்மையில் தெரியவேண்டியிருந்தவை வேறு வழிகளால் வந்தன.

2013இல் ஸ்ரீலங்கன் பத்து எயார்பஸ் விமானங்களை வாங்கவும் நான்கைக் குத்தகைக்கு எடுக்கவும் உடன்பட்டது. அவற்றில் ஏ350 வகை விமானம் ஒன்றுகூடக் கட்டுநாயக்காவுக்கு வந்து சேரவில்லை. குத்தகையை முறிப்பதற்கு இழப்பீடும் கொடுக்க நேர்ந்தது. 2020 ஜனவரி இறுதியில் எயார்பஸ் பிரித்தானிய, பிரெஞ்சு, அமெரிக்க அதிகாரிகளோடு 3.6 பில்லியன் யூரோ செலுத்தி இணக்கத்துக்கு வந்தபோது, இலண்டன் நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட ஆவணத்தில் இலங்கையின் பெயரும் இருந்தது. விமானச் சேவையின் கொள்வனவில் செல்வாக்குடைய ஒருவரின் மனைவியின் நிறுவனத்துக்கு 16.84 மில்லியன் டொலர் வரை தர முன்வந்து, அதில் 2 மில்லியன் கொடுக்கப்பட்டதாக அது கூறியது. நல்லாட்சி பற்றிய அத்தியாயம் இல்லாத ஆண்டறிக்கை இன்று கிடையாது. இந்தச் செய்தி அத்தகைய அத்தியாயம் எதிலிருந்தும் வரவில்லை. வேறொரு நாட்டின் நீதிமன்றத்திலிருந்து வந்தது.

கடன் அடுத்தது. 2008/09 நிதியாண்டு தொடங்கி நீண்ட வரிசையாக நட்டம். 2014இல் அரசின் பிணையோடு 175 மில்லியன் டொலர் பிணைமுறி வெளியிடப்பட்டது; 2019இல் அது புதுப்பிக்கப்பட்டு, 2024 ஜூனில் திருப்பிச் செலுத்த வேண்டிய நாளில் செலுத்தப்படவில்லை. அரச பிணை என்பது என்ன? மிளகு விற்று வாங்கும் சவர்க்காரத்தின் மீதும் 18 வீத வரி கட்டும் பெரியவரின் கைநாட்டு அது. 2023இல் நிறுவனத்தை விற்க ஓர் அரசாங்கம் முனைந்தது. 2024இன் இறுதியில் வந்த அடுத்த அரசாங்கம் அதைக் கைவிட்டது. இரண்டு முடிவுகளின்போதும் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

2022ஐ மறக்க முடியாது. கட்டுநாயக்காவில் எரிபொருள் போதாமல் நம் விமானங்கள் சென்னையிலும் கேரளத்திலும் இறங்கி நிரப்பிக்கொண்டு பறந்தன. அதே மாதங்களில் மலையகத்தில் வெற்றுக் கலன்களோடு மண்ணெண்ணெய் வரிசைகள் நின்றன. விமான எரிபொருளும் மண்ணெண்ணெயும் ஏறக்குறைய ஒரே பண்டம். சுத்திகரிப்பில் சிறிது வேறுபாடு. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. இந்தச் சுமையை எந்த அட்டவணையில், யாருடைய பெயரில் எழுதுவது? 'சமூகப் பொறுப்பு' என்ற தலைப்பின் கீழ் அதற்கு நிரல் கிடையாது.

சட்டம் சிறிது முன்னேறியிருக்கிறது. 2023இல் வெளியான சர்வதேச நிலைபேற்று வெளிப்படுத்தல் நியமங்களை இலங்கையும் ஏற்றுக்கொண்டு, 2025 முதல் கொழும்புப் பங்குச் சந்தையின் பெரிய நிறுவனங்களிலிருந்து படிப்படியாக நடைமுறைப்படுத்துகிறது. காலநிலையால் வரும் பண இடரை இனி மரநடுகைப் படங்களுக்குள் மறைக்க இயலாது என்பது அதன் நோக்கம். தேசிய விமான சேவை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் அல்ல. நூறு பங்கு வைத்திருக்கும் கொழும்புச் செல்வந்தருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, பிறப்பாலேயே பங்காளியான யட்டவத்தக்காரருக்கு அதே வடிவில் கிடைக்காது. அவருக்கு எஞ்சியிருப்பவை கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையும் கோப் குழுவின் விசாரணையும். அரச நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் மூன்று மொழிகளிலும் நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்ற நடைமுறையும் உண்டு.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு மீண்டும் சென்றபோது, பழைய ஆண்டறிக்கை ஒன்றைக் கையில் கொண்டுபோனேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருடைய மகள் குவைத்தில் பதினொரு ஆண்டுகள் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர். அவரை வழியனுப்பக் கட்டுநாயக்காவுக்கு ஐந்து முறை சென்றிருக்கிறார், உள்ளே நுழைந்ததில்லை. விமானப் பணிப்பெண்ணின் மயிற்பீலிச் சேலையை விரலால் தடவிவிட்டு, "கடன் எந்தப் பக்கத்துல இருக்கு தம்பி?" என்றார்.

புத்தகத்தைப் பின்புறமிருந்து திருப்பி, சிறிய எழுத்தில் இருந்த குறிப்புகளில் அரச பிணை பற்றிய வரியைக் காட்டினேன். தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்துவிட்டு, பந்தலில் இருந்த மற்றவர்களைக் கூப்பிட்டார்.