பேறுகாலச் செலவு யார் கணக்கில்?

பிள்ளைபெறும் தொழிலாளிக்கு விடுப்பும் பணமும் தரும் மசோதாவை 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆதரித்துப் பேசினார் அம்பேத்கர். பெண்ணின் உழைப்பில் லாபம் பார்க்கும் முதலாளியும் அந்தச் செலவைச் சுமக்க வேண்டும் என்றார். 1929-ல் பம்பாயில் சட்டமானது. நாடு முழுமைக்கும் 1961-ல்.

நம் கொங்குப் பஞ்சாலைகள் வேறு கணக்குப் போட்டன: சுமங்கலித் திட்டம். கல்யாணமாகாத இளம்பெண், மூன்று வருட ஒப்பந்தம், விடுதி வாசம், முடிவில் மொத்தத் தொகை. கர்ப்பமாகும் முன்பே கணக்கு முடித்து அனுப்பிவிடலாம். பேருக்கு மட்டும் மங்கலம்! அப்படிப் போனவர்களில் ஏராளமானோர் தலித் வீட்டுப் பிள்ளைகள்.

சோமனூர்ப் பக்கத்துச் சிறிய விசைத்தறிக் கூடங்களையோ, பத்துப் பேர்கூட இல்லாததால், 1961 சட்டம் எட்டவேயில்லை. அங்கே தார் சுற்றும் பெண்ணுக்கு வாய்த்தது 1987-ல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைதான். அது அரசுப் பணம். தறி முதலாளியின் பங்கு அதில் ஒரு பைசா கிடையாது.