இருபத்தேழு சொற்களும் நாற்பது கோடி துப்பாக்கிகளும்

1999 ஏப்ரல் 20. கொழும்பில் நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மறுநாள் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் என்ற உயர்நிலைப் பாடசாலையில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி முகவரகத்தின் அவசரச் செய்தி வந்தது. 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டனர். கொலையாளிகளான இரு மாணவர்களும் தங்களைத் தாங்களே சுட்டு மாண்டனர். "இனியாவது அவர்களுடைய சட்டம் மாறும், பாருங்கள்" என்று அன்றிரவு கடமையில் இருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் கூறினார். நானும் அதை நம்பினேன்.

அதற்குப் பின்னர் அதே செய்தியைப் பல தடவைகள் எழுத வேண்டியேற்பட்டது. 2007 ஏப்ரலில் வேர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேர். அவர்களில் தமிழ்நாட்டில் பிறந்து அங்கு பொறியியல் கற்பித்துவந்த பேராசிரியர் ஒருவரும் அடங்குவார். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 குழந்தைகளும் 6 பணியாளர்களும். 2017 இல் லாஸ் வேகாஸ் இசை நிகழ்ச்சியில் 60 பேர். 2018 இல் பார்க்லாண்ட் பாடசாலையில் 17 பேர். 2022 மே மாதம் டெக்சாஸின் உவால்டே நகரில் 19 சிறுவர்களும் 2 ஆசிரியைகளும். ஊரின் பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றினால் பழைய செய்தியையே மீண்டும் பிரசுரிக்கலாம் போலிருந்தது.

உலகின் மிகவும் சக்தி வாய்ந்த நாட்டினால் தனது குழந்தைகளை வகுப்பறையில் பாதுகாக்க முடியாமல் போனது ஏன் என்ற கேள்விக்கு, "அமெரிக்கர்களுக்குத் துப்பாக்கி மோகம்" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவது எம்மவர்களின் வழக்கம். வரலாறு அவ்வளவு எளிமையானதாக இல்லை. துப்பாக்கியைக் கட்டுப்படுத்திய சட்டங்களும் அமெரிக்காவின் பழைய மரபுதான். அந்த மரபு எவ்வாறு தோற்கடிக்கப்பட்டது என்பதே உண்மையில் ஆராயப்பட வேண்டியதாகும்.

1791 இல் எழுதப்பட்டது என்ன?

சர்ச்சையின் மையத்தில் இருப்பது அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம். 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அது ஆங்கிலத்தில் வெறுமனே 27 சொற்களைக் கொண்டது. ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படையானது சுதந்திரமான அரசு ஒன்றின் பாதுகாப்புக்கு அவசியமானது என்று முற்பகுதி கூறுகிறது. ஆயுதங்களை வைத்திருப்பதற்கும் தாங்குவதற்கும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்று பிற்பகுதி கூறுகிறது. முற்பகுதியை அழுத்திப் படிப்பவர்களுக்கு அது குடிப்படை பற்றிய விதி. பிற்பகுதியை அழுத்திப் படிப்பவர்களுக்கு அது தனிமனித உரிமை. இரு நூற்றாண்டுகால வழக்கு இந்த இரு பகுதிகளுக்கும் இடையிலானதே.

அதை எழுதியவர்களின் மனதில் 1775 ஏப்ரல் 19 பசுமையாக இருந்தது. மசாசூசெற்சில் குடியேற்றவாசிகள் சேமித்துவைத்திருந்த ஆயுதங்களைக் கைப்பற்றுவதற்குப் பிரித்தானியப் படைகள் புறப்பட்டபோதுதான் லெக்சிங்டனிலும் கொன்கோர்டிலும் சுதந்திரப் போரின் முதல் வெடிகள் தீர்க்கப்பட்டன. நிரந்தர இராணுவம் மக்களின் சுதந்திரத்துக்கு ஆபத்தானது என்று அத்தலைமுறை கருதியது. ஆயுதம் தரித்த குடிமக்களின் படையே அதற்கு மாற்று என்று நம்பியது. அரசின் துப்பாக்கிக்கு அஞ்சுவதற்குப் போதிய காரணங்களைக் கண்ட ஒரு நாட்டிலிருந்து எழுதும் எனக்கு அந்த அச்சம் விளங்காத ஒன்றல்ல.

யாருடைய கையில் துப்பாக்கி?

ஆனால், அன்று "மக்கள்" என்ற சொல்லுக்குள் எல்லோரும் அடங்கவில்லை. அடிமைகள் ஆயுதம் வைத்திருப்பதைத் தென்மாநிலங்களின் சட்டங்கள் தடை செய்தன. உள்நாட்டுப் போர் முடிவடைந்து அடிமைத்தனம் ஒழிக்கப்பட்ட பின்னரும், 1865 இல் மிசிசிப்பி மாநிலம் கறுப்பின மக்கள் அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அடிமைத்தனத்தில் பிறந்து, கும்பல் கொலைகளுக்கு எதிராக எழுதிய பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், சட்டம் தராத பாதுகாப்பைத் தருவதற்கு ஒவ்வொரு கறுப்பினத்தவர் வீட்டிலும் வின்செஸ்டர் துப்பாக்கி இருக்க வேண்டும் என்று 1892 இல் எழுதினார். அகிம்சையின் அடையாளமாக விளங்கிய மார்ட்டின் லூதர் கிங் கூட, 1956 இல் தனது வீட்டின் மீது குண்டு வீசப்பட்ட பின்னர் துப்பாக்கியைக் கொண்டு செல்வதற்கு அனுமதி கோரி விண்ணப்பித்தார். அது மறுக்கப்பட்டது.

1967 மே மாதம் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் துப்பாக்கிகளுடன் கலிபோர்னியா மாநிலச் சட்டசபைக் கட்டிடத்துக்குள் நுழைந்தனர். குண்டு நிரப்பிய துப்பாக்கிகளைப் பொது இடங்களில் ஏந்திச் செல்வதைத் தடை செய்யும் சட்டம் அதையடுத்து விரைந்து நிறைவேறியது. அதில் கையொப்பமிட்ட ஆளுநர் வேறு யாருமல்ல, பின்னாளில் துப்பாக்கி உரிமையாளர்களின் நாயகனாகக் கொண்டாடப்பட்ட ரொனால்ட் ரீகன். கட்டுப்பாட்டுச் சட்டங்கள் யாருக்கு எதிராகப் பயன்படுத்தப்படும் என்ற ஐயம் சிறுபான்மையினரிடம் ஏன் இன்றும் இருக்கிறது என்பதை இந்த வரலாற்றைத் தவிர்த்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

கொலைகளின் பின்னால் வந்த சட்டங்கள்

அமெரிக்காவில் மத்திய அரசின் துப்பாக்கிச் சட்டங்கள் பெரும்பாலும் இரத்தத்தின் பின்னால் வந்தவை. மதுவிலக்குக் காலத்துப் பாதாள உலகக் குழுக்களின் வன்முறை, 1929 இல் சிக்காகோவில் வலண்டைன் தினத்தன்று 7 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட சம்பவம், 1933 இல் பிராங்ளின் ரூஸ்வெல்ட்டைக் கொல்லும் முயற்சி ஆகியவற்றின் பின்னணியில் 1934 இல் தேசிய சுடுகலன்கள் சட்டம் வந்தது. இயந்திரத் துப்பாக்கிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அவை கைமாறும்போது 200 டொலர் வரி செலுத்த வேண்டும் என்றும் அது விதித்தது. அன்று அது பெருந்தொகை. குழல் குறுக்கப்பட்ட துப்பாக்கி ஒன்று தொடர்பான வழக்கில் 1939 இல் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், அத்தகைய ஆயுதத்துக்கும் குடிப்படையின் தேவைக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று கூறி அச்சட்டத்தை ஏற்றது. அடுத்த ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கீழ் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அந்த வழியிலேயே சென்றன.

1963 நவம்பரில் ஜனாதிபதி கென்னடியின் உயிரைப் பறித்த துப்பாக்கி, பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்துப் பொய்ப்பெயரில் தபால் மூலம் தருவிக்கப்பட்டதாகும். அந்த விளம்பரம் வெளியான சஞ்சிகை தேசிய ரைபிள் சங்கத்துக்குச் சொந்தமானது. அவ்வாறிருந்தும் தபால் விற்பனையைத் தடுப்பதற்கு மேலும் இரு கொலைகள் தேவைப்பட்டன. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ரொபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகே, அந்த வருடம் ஒக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் கையொப்பமிட்டார். எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்தல், உரிமையாளர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குதல் ஆகிய தனது இரு கோரிக்கைகளையும் காங்கிரஸ் கைவிட்டதையிட்டு அவர் அன்றே அதிருப்தி வெளியிட்டார்.

ஒரு சங்கத்தின் உருமாற்றம்

தேசிய ரைபிள் சங்கம் 1871 இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் வடபகுதி வீரர்கள் குறிபார்த்துச் சுடத் தெரியாதவர்களாக இருந்ததைக் கண்டு கவலை கொண்ட படை அதிகாரிகளே அதன் ஸ்தாபகர்கள். ஒரு நூற்றாண்டு காலம் அது முக்கியமாக வேட்டைக்காரர்களினதும் குறிசுடும் விளையாட்டு வீரர்களினதும் அமைப்பாகவே இருந்தது. 1934 சட்டத்தின் உருவாக்கத்தில் பங்கேற்ற அதன் தலைவர்கள், கென்னடி கொலைக்குப் பின்னர் தபால் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதிப்பதையும் ஆதரித்துச் சாட்சியமளித்தனர்.

1977 இல் சின்சினாட்டி நகரில் நடைபெற்ற அதன் வருடாந்த கூட்டத்தில் எல்லாம் தலைகீழானது. அரசியலைக் குறைத்து விளையாட்டிலும் இயற்கைப் பாதுகாப்பிலும் கவனம் செலுத்த விரும்பிய பழைய தலைமையைக் கடும்போக்காளர்கள் ஓரிரவில் வெளியேற்றினர். ஹார்லன் கார்ட்டரின் தலைமையில், எந்தக் கட்டுப்பாடும் முழுப் பறிமுதலுக்கான முதற்படியே என்பது சங்கத்தின் கோட்பாடாகியது. 1986 ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசு துப்பாக்கி உரிமையாளர்களின் பதிவேட்டை உருவாக்குவதையே தடை செய்தது. நிக்சனால் நியமிக்கப்பட்ட பழமைவாதியான முன்னாள் பிரதம நீதியரசர் வொரன் பேகர், இரண்டாவது திருத்தத்துக்கு இந்தச் சக்திகள் கொடுத்த வியாக்கியானத்தை மக்கள் மீதான மோசடி என்று 1991 இல் வர்ணித்தார் என்பது கவனிக்கத்தக்கது.

1981 மார்ச்சில் ரீகனைக் கொல்ல மேற்கொள்ளப்பட்ட முயற்சியில் தலையில் குண்டு பாய்ந்து வாழ்நாள் முழுவதும் ஊனமுற்றவர் அவரது ஊடகச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி. அவரும் அவரது மனைவி சாராவும் பல வருடங்கள் போராடியதன் பயனாக 1993 இல் பிரேடி சட்டம் நிறைவேறியது. கைத்துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிப்பதற்கு ஐந்து நாள் காத்திருப்பை அது விதித்தது. 1998 இல் உடனடிச் சோதனை முறை அதன் இடத்தைப் பிடித்தது. உரிமம் பெற்ற வணிகர்களுக்கு மாத்திரமே அச்சோதனை கட்டாயம் என்பது இன்றுவரை தொடரும் ஓட்டை. 1994 இல் சில வகை அரைத் தன்னியக்கத் துப்பாக்கிகளுக்குப் பத்து வருடத் தடை விதிக்கப்பட்டது. அந்த வருடமே ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையை இழந்தது. அந்தப் பயம் அரசியல்வாதிகளை நீண்டகாலம் விட்டகலவில்லை. 2004 இல் காலாவதியான தடை புதுப்பிக்கப்படவில்லை.

கொலம்பைனுக்குப் பிறகும் முயற்சி நடக்காமல் இல்லை. துப்பாக்கிக் கண்காட்சிகளில் நடைபெறும் விற்பனைக்கும் பின்னணிச் சோதனையை விரிவுபடுத்தும் யோசனை 1999 மே மாதம் செனட் சபையில் நிறைவேறியது. 50க்கு 50 என்று சமநிலையில் நின்ற வாக்கெடுப்பைத் துணை ஜனாதிபதி அல் கோரின் வாக்கே தீர்மானித்தது. பிரதிநிதிகள் சபையில் அது மடிந்தது. எங்கள் மூத்த ஆசிரியரின் நம்பிக்கை ஒரு மாத காலத்துக்குச் சரியாகத்தான் இருந்தது.

நீதிமன்றம் சொன்ன வரலாறு

2008 ஜூனில் உயர் நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில், தற்பாதுகாப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று முதன்முறையாகத் தீர்ப்பளித்து, தலைநகர் வாஷிங்டனின் கைத்துப்பாக்கித் தடையை நீக்கியது. திருத்தம் நடைமுறைக்கு வந்து 217 வருடங்களுக்குப் பின்னர் கிடைத்த வியாக்கியானம் அது. இந்த உரிமை எல்லையற்றதல்ல என்று அத்தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஸ்காலியாவே குறிப்பிட்டார். மாற்றுத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஜோன் போல் ஸ்டீவன்ஸ், ஓய்வுபெற்ற பின்னர் 2018 இல், இரண்டாவது திருத்தத்தையே நீக்கிவிட வேண்டும் என்று பகிரங்கமாகக் கோரினார்.

2022 ஜூனில் நியூயோர்க்கின் நூற்றாண்டுக்கும் மேல் பழைமையான சட்டத்தை இரத்துச் செய்த நீதிமன்றம், எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபுடன் ஒத்துப்போக வேண்டும் என்றது. குதிரையில் சென்று, ஒரு தடவை சுட்டபின் மருந்து கிட்டித்த காலத்துச் சட்டப் புத்தகங்களைப் புரட்டி, நிமிடத்தில் பல டசின் குண்டுகளைக் கக்கும் ஆயுதங்கள் பற்றி நீதிபதிகள் முடிவெடுக்க வேண்டிய நிலை அதனால் ஏற்பட்டது. 2024 இல் அதே நீதிமன்றம், குடும்ப வன்முறை தொடர்பில் நீதிமன்றத் தடையுத்தரவுக்கு உள்ளானவர்களிடம் துப்பாக்கி இருக்கலாகாது என்ற சட்டத்தை 8-1 என்ற பெரும்பான்மையில் ஏற்றது ஓரளவு ஆறுதல். ஆனால், லாஸ் வேகாஸ் படுகொலைக்குப் பிறகு, துப்பாக்கியின் வேகத்தை அதிகரிக்கும் உபகரணத்துக்கு ட்ரம்ப் நிர்வாகமே கொண்டுவந்த தடையை அதே வருடம் அதே மாதத்தில் அது நீக்கியது.

எண்ணிக்கைகளும் எதிர்வாதமும்

அமெரிக்கச் சிவிலியன்களிடம் ஏறத்தாழ 39 கோடி 30 இலட்சம் துப்பாக்கிகள் இருப்பதாக ஜெனீவாவைத் தளமாகக் கொண்ட சிறு ஆயுதங்கள் ஆய்வு நிறுவனம் 2018 இல் மதிப்பிட்டது. சனத்தொகையை விடவும் அதிகம். 2021 இல் 48,830 பேர் துப்பாக்கியால் மாண்டனர். 2023 இல் அது 46,728 ஆகக் குறைந்தது. இவற்றில் பாதிக்கும் அதிகமானவை தற்கொலைகள் என்பதும், பெரும்பாலான கொலைகளுக்குப் பயன்படுவது சாதாரண கைத்துப்பாக்கியே என்பதும் தொலைக்காட்சிக் கமராக்களுக்கு முன்னால் வராத உண்மைகள். 2020 முதல் அமெரிக்கச் சிறுவர்களினதும் பதின்ம வயதினரினதும் மரணங்களுக்கு முதன்மைக் காரணமாகியிருப்பது வாகன விபத்தோ நோயோ அல்ல, துப்பாக்கியே.

மறுதரப்பின் வாதங்களைப் பரிகசிப்பதில் பயனில்லை. பொலிஸ் நிலையம் ஒரு மணித்தியால தூரத்தில் இருக்கும் கிராமத்து விவசாயிக்குத் துப்பாக்கி ஒரு தேவை. உவால்டேயில் 376 அதிகாரிகள் குவிந்தும் 77 நிமிடங்கள் காத்து நின்றதைக் கண்ட ஒருவர், அரசை நம்பியிருப்பது எப்படி என்று கேட்டால் இலகுவில் பதில் சொல்ல முடியாது. கோடிக்கணக்கான உரிமையாளர்கள் ஒருபோதும் எவரையும் சுடுவதில்லை என்பதும் உண்மை. ஆனால், பின்னணிச் சோதனையை எல்லா விற்பனைக்கும் விரிவுபடுத்துவது அவர்களில் எவருடைய துப்பாக்கியையும் பறிக்காது. கருத்துக்கணிப்புகளில் அதற்குப் பெரும்பான்மை ஆதரவு தொடர்ந்து இருந்துவருகிறது. 2013 ஏப்ரலில், சாண்டி ஹூக் பெற்றோர் செனட் சபையின் பார்வையாளர் அரங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, அதற்கான யோசனைக்கு 54 வாக்குகள் கிடைத்தன. தேவைப்பட்டது 60. சுமார் 39 மில்லியன் மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் 6 இலட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் வயோமிங்குக்கும் தலா இரு செனட்டர்கள் என்ற ஏற்பாட்டில் பெரும்பான்மை மக்களின் விருப்பம் சட்டமாவது எளிதல்ல.

இதே நோய்க்கு வேறு நாடுகள் மருந்து கண்டன. 1996 இல் டன்பிளேனில் 16 சிறுவர்களும் ஆசிரியையும் கொல்லப்பட்ட பின்னர் பிரித்தானியா தனியார் கைத்துப்பாக்கிகளை ஏறத்தாழ முற்றாகத் தடை செய்தது. அதே வருடம் போர்ட் ஆர்தரில் 35 பேர் மாண்ட பின்னர், அவுஸ்திரேலியாவின் பழமைவாதப் பிரதமர் ஜோன் ஹவார்ட் ஆறரை இலட்சம் வரையான துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கி அழிப்பித்தார். அந்நாடுகளில் துப்பாக்கி ஓர் உடைமை. அமெரிக்காவில் அது அரசியலமைப்பின் உரிமையாகிவிட்டது. வேறுபாடு அங்கேயே இருக்கிறது.

உவால்டே படுகொலைக்கு ஒரு மாதத்தின் பின்னர், 2022 ஜூனில், ஏறத்தாழ மூன்று தசாப்தங்களில் முதலாவது முக்கியமான கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஜோ பைடன் கையொப்பமிட்டார். 21 வயதுக்குக் குறைந்தவர்கள் துப்பாக்கி வாங்கும்போது மேலதிக சோதனையை அது விதித்தது. சிறிய படியானாலும் இரு கட்சியினரும் சேர்ந்து எடுத்துவைத்த படி. மாறாக, 1968 இல் கொலைகள் சட்டத்தைக் கொண்டுவந்தன என்றால், 2024 ஜூலையில் ட்ரம்பின் காதை உரசிச் சென்ற குண்டு காங்கிரஸில் எந்தச் சட்டத்தையும் கொண்டுவரவில்லை.

ஆயினும், இந்த வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. இன்றைய நிலை 1791 இல் கல்லில் செதுக்கப்பட்டதல்ல. 1977 இல் ஒரு சங்கத்தின் கூட்டத்திலும், 1994 இல் ஒரு தேர்தலிலும், 2008 இல் ஒரேயொரு நீதியரசரின் வாக்கு வித்தியாசத்திலும் உருவானது அது. மனிதர்கள் உருவாக்கியதை மனிதர்களால் மாற்ற முடியும். அமெரிக்காவில் குடியேறிய எமது உறவினர்களின் பிள்ளைகளும் இன்று துப்பாக்கிதாரி வந்தால் மேசைக்கடியில் சத்தமின்றி ஒளிந்திருப்பதற்குப் பாடசாலையில் பயிற்சி பெறுகிறார்கள். அந்தப் பயிற்சி தேவைப்படாத நாள் வரும்போது, 1999 ஏப்ரலில் அந்த மூத்த ஆசிரியர் சொன்னது காலம் தாழ்த்தியாவது பலித்திருக்கும்.