நின்றுபோகும் கதிர் பிறந்த கதை

1904-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வில்லியம் பிராக், ரேடியத்திலிருந்து புறப்படும் ஆல்ஃபா துகள்கள் காற்றில் எவ்வளவு தூரம் போகின்றன என்று அளக்க உட்கார்ந்தார். நாற்பது வயதைத் தாண்டியிருந்த அவர் அதுவரை ஆராய்ச்சிப் பக்கம் அதிகம் போனவரல்ல. துகள் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியைச் செலவழித்துக்கொண்டு போய், நிற்கப்போகும் இடத்துக்குச் சற்று முன் மிச்சமெல்லாவற்றையும் கொட்டிவிட்டு நின்றுவிட்டது.

இதை மருத்துவத்துக்குக் கொண்டுவரலாம் என்று 1946-இல் எழுதியவர் ராபர்ட் வில்சன். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்த இயற்பியலாளர். எக்ஸ்-ரே உடலுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும். வழியிலிருக்கும் நல்ல சதையும் அதில் பங்கு வாங்கும். புரோட்டான் என்னும் துகளோ, பிராக் பார்த்த ஆல்ஃபா துகளைப் போலவே, கட்டியில் நின்றுவிடும் என்றார் அவர். 1954-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே ஆண்டுதான் சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது.

தென்சென்னைக்கு அந்தக் கதிர் வந்து சேர 2019 ஜனவரி ஆயிற்று. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், வேளச்சேரி வழியாகப் போனால் வரும் தரமணியில், அப்பல்லோ புரோட்டான் மையம் தெற்காசியாவிலேயே முதலாவதாகத் திறந்தது. அங்கே புரோட்டானை வேகப்படுத்தும் சைக்ளோட்ரான் இயந்திரத்தின் எடை 220 டன். அதிலிருந்து கிளம்பும் புரோட்டான், ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 சதவீத வேகத்தில் வந்து, உடலுக்குள் 30 சென்டிமீட்டர் ஆழம்வரை போகக்கூடியது.

புராஸ்டேட் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த வீடுகளில் இந்தப் பேச்சு உடனே எழுகிறது. பிள்ளைகள் கடன் வாங்கியாவது செய்துவிடலாம் என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன்.

கதிர் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஸ்கேன். பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன், நோய் நிணநீர்க் கணுக்களுக்கோ எலும்புக்கோ போயிருக்கிறதா என்று காட்டும். அதில் உமிழ்நீர்ச் சுரப்பியும் சிறுநீரகமும் எல்லோருக்குமே பளிச்சென்று ஒளிரும்; படத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். கதிர்வீச்சுக்குத் திட்டம் போட எடுப்பது வேறொரு சி.டி. ஸ்கேன். அந்தப் படத்தின் ஒவ்வொரு சாம்பல் நிறப் புள்ளியையும் கணக்கிட்டு, புரோட்டான் அங்கே எத்தனை மில்லிமீட்டர் போகும் என்று கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் கணக்கில் சில மில்லிமீட்டர் பிழை எப்போதும் உண்டு. புராஸ்டேட்டின் பின்சுவரை ஒட்டியே மலக்குடல். அதில் கொஞ்சம் வாயு சேர்ந்தாலே புராஸ்டேட் இடம் நகரும். சிறுநீர்ப்பை தினமும் ஒரே அளவில் நிரம்பியிருக்க வேண்டும் என்று தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே, முன்பக்கத்திலிருந்து செலுத்தி மலக்குடலுக்கு முன்னால் நிறுத்தும் துணிச்சலை டாக்டர்கள் பொதுவாக எடுப்பதில்லை. இரண்டு இடுப்புப் பக்கங்களிலிருந்தும், தொடை எலும்பின் தலைப்பகுதி வழியாகச் செலுத்துகிறார்கள். பிராக் கண்ட அந்தச் சட்டென்று நிற்கும் குணம், மலக்குடலைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் பயன்படாமலே போகிறது.

அமெரிக்காவில் ஆரம்ப, நடுத்தர நிலை நோயுள்ள 450 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புரோட்டானும் மறு பிரிவுக்கு ஐ.எம்.ஆர்.டி. என்னும் நவீன எக்ஸ்-ரே சிகிச்சையும் கொடுத்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து மலக்குடல் தொந்தரவில் வித்தியாசமில்லை. நோய் கட்டுப்பட்டதிலும் இல்லை. ஐ.எம்.ஆர்.டி. சென்னையின் பல மருத்துவமனைகளில் புரோட்டானைவிட மிகக் குறைந்த செலவில் கிடைக்கிறது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன், "அப்பாவுக்கு எக்ஸ்-ரே போதாதா, ஏன்?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

மூளைக் கட்டியோடு வரும் குழந்தைக்குக் கதை வேறு. சில கட்டிகளுக்கு மூளையோடு முதுகுத்தண்டு முழுக்கவும் கதிர் பாய வேண்டியிருக்கும்போது, புரோட்டான் முதுகெலும்போடு நின்று, முன்னாலிருக்கும் இதயத்தையும் குடலையும் விட்டுவிடுகிறது. அந்தப் பிள்ளை இன்னும் அறுபது, எழுபது ஆண்டு வாழ வேண்டும். தரமணி இயந்திரத்தில் முதல் இடம் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் சேர வேண்டும்.